பத்து பவுண்டுக்குள் தினசரிக்கு ஒரு நல்ல ஒயின்: என்ன வாங்குகிறீர்கள்?

குரோய்டன் கார்த்தி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. வீட்டில் இரண்டு பேரும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் இரவுச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் ஒயின் குடிப்போம். கல்யாண நாளுக்கு வாங்குகிற பாட்டிலைப் பற்றி இங்கே கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை ராத்திரி மீன் வறுவலோ கோழிக் குழம்போ இருக்கும்போது யோசிக்காமல் திறக்கிற பாட்டில்தான் வேண்டும்.

சூப்பர்மார்க்கெட்டில் அந்த வரிசைக்குள் போனாலே மலைப்பாக இருக்கிறது. 5, 6 பவுண்டுக்கு எடுத்தால் ஒன்று ஜாம் கரைத்த மாதிரி இனிக்கிறது, இல்லை வெறும் தண்ணீர். 15 கொடுக்க மனசு வரவில்லை. எதை நம்பி எடுக்கிறீர்கள்? குறிப்பாக நம் காரத்துக்கு எது ஒத்துப்போகும்?

ஹரோ கடைக்காரர் எழுதியது:

தம்பி, நான் ஹரோ பக்கம் ஆஃப் லைசென்ஸ், அதாவது மதுப் போத்தல் விற்கிற கடை வைத்திருக்கிறேன். நெடுங்காலமாக இந்தப் போத்தல்களோடுதான் சீவியம். நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். பெயர்களுக்குப் போக முதல் உங்கள் காசு எங்கே போகிறது என்று பாருங்கள்.

2025 பெப்ரவரியிலிருந்து இந்த நாட்டில் வைன் வரி ஆல்கஹால் அளவைப் பொறுத்தது. அப்போது வந்த கணக்கின்படி 12.5 சதவீத வைன் என்றால் ஒரு போத்தலுக்கு ஏறக்குறைய 2 பவுண்டு 77 பென்ஸ். வைன் நல்லதோ கெட்டதோ அதே வரிதான். அதற்கு மேல் 20 சதவீதம் வாட். 6 பவுண்டுப் போத்தலில் வாட் 1 பவுண்டு, வரி 2.77. மிச்சம் 2.23. கண்ணாடி, மூடி, லேபிள், கப்பல் கூலி, கடைக்காரன் லாபம் எல்லாம் அதற்குள். கடைசியில் ஏதும் மிஞ்சினால் அது வைனுக்கு.

10 பவுண்டுப் போத்தலில் வாட் 1.67, வரி அதே 2.77. மிச்சம் 5.56. நீங்கள் 4 பவுண்டு கூடக் கொடுத்தீர்கள், உள்ளே மிஞ்சுகிற காசு இரண்டரை மடங்காகிவிட்டது. கண்ணாடிச் செலவும் கப்பல் செலவும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாதபடியால், திராட்சைக்குப் போகிற பங்கு அதைவிடவும் கூடும். ஆகவே 8 பவுண்டுக்குக் கீழே முத்துக்குளிக்காதீர்கள். 8 முதல் 10 வரைதான் எங்களைப் போன்ற ஆட்களின் இடம். 20க்கு மேல் போனால் பெயருக்கும் ஊருக்கும் கொடுக்கிற காசு கூடிவிடும்.

இன்னொன்று. "12 பவுண்டு, இன்றைக்கு மட்டும் 6" என்று மஞ்சள் அட்டை தொங்கும். அது பெரும்பாலும் 6 பவுண்டு வைன்தான். பாதி விலைக்கு விற்பதற்கென்றே லேபிள் அடித்து வருகிற சரக்குகள் இருக்கின்றன. வேறு எந்தக் கடையிலும் அந்தப் பெயரைக் காணமாட்டீர்கள். ஆறு போத்தல் எடுத்தால் மொத்தத்தில் 25 சதவீதம் கழிவு என்று சூப்பர்மார்க்கெட்டுகள் அவ்வப்போது போடும், அது உண்மையான கழிவு. அந்த வாரத்தில் 12 பவுண்டு வைன் 9க்குக் கிடைக்கும். வைன் கடைக்காரன் இதைச் சொல்லக்கூடாது, சொல்லிவிட்டேன்.

மொட்டைமாடி எழுதியது:

எல்லாம் புளித்த திராட்சைச் சாறு சார். கண்ணைக் கட்டிக் கொடுத்தால் 6 பவுண்டா 60 பவுண்டா என்று ஒருத்தனும் சொல்ல மாட்டான். நான் விஸ்கி, சோடா, ஆஃப் பாயில். முடிந்தது கதை.

எடின்பரோ வித்யா எழுதியது:

மொட்டைமாடி, உங்களுக்கு ஆஃப் பாயில் போதும், எங்களுக்குப் போதாதே.

கடைக்கார அண்ணா சொன்ன ஆறு பாட்டில் கழிவு ஸ்காட்லாந்தில் செல்லாது. 2011 முதல் இங்கே மொத்தமாக வாங்கினால் விலை குறைப்பு என்பதே சட்டப்படி கிடையாது. போதாததற்குக் குறைந்தபட்ச விலை வேறு. 2018-ல் ஒரு யூனிட்டுக்கு (10 மில்லி சுத்த ஆல்கஹால்) 50 பென்ஸ் என்று தொடங்கி, 2024 செப்டம்பர் கடைசியில் 65 பென்ஸ் ஆக்கினார்கள். 12.5 சதவீதப் பாட்டிலில் 9.4 யூனிட் இருக்கிறது, ஆக 6 பவுண்டு 9 பென்ஸுக்குக் கீழே விற்கவே முடியாது. ஒருவிதத்தில் நல்லதுதான். அடிமட்டச் சரக்குக்கும் சுமாரான சரக்குக்கும் விலை வித்தியாசம் குறைந்துபோனதால், கை தானாகவே அடுத்த தட்டுக்குப் போகிறது.

யூனிட் என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த ஊர் மருத்துவ அறிவுரை வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்பது. ஒன்றரை பாட்டில் கணக்கு. தினசரி ஒயின் என்று தலைப்பில் போட்டிருக்கிறீர்களே என்பதற்காகச் சொன்னேன், உபதேசம் முடிந்தது.

என் யோசனை, பெட்டி ஒயின். உள்ளே எளிதில் காற்றுப் போகாத பை, கீழே குழாய். 2.25 லிட்டர் என்றால் மூன்று பாட்டில் அளவு. பாட்டிலைத் திறந்தால் மூன்றாம் நாளே முகம் வாடிவிடும். பெட்டி ஃபிரிட்ஜில் ஒரு மாதம் தாங்கும். இரண்டு பேர் ஆளுக்கு ஒரு கிளாஸ் என்று நிறுத்துகிற வீட்டுக்கு இதுதான் சரி. ஆனால் வாங்கி வருடக்கணக்கில் பரணில் வைக்கக் கூடாது. பையின் வழியே மெல்லக் காற்று ஏறும், தேதி பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

லா சப்பல் ரமணன் எழுதியது:

பாரிஸில் இருந்து எழுதுகிறேன். கடைக்கார அண்ணையின் கணக்கைப் படித்துவிட்டு உங்கள்மேல் பரிதாபம்தான் வந்தது. இங்கே சாதாரண வைனுக்குப் போத்தலுக்கு மூன்று சென்ட் அளவில்தான் தீர்வை. 6 யூரோ போத்தலில் உண்மையிலேயே வைன் இருக்கிறது. பெட்டி வைனை இங்கே யாரும் கேவலமாகப் பார்ப்பதில்லை, சூப்பர்மார்க்கெட்டில் விற்கிறதில் பெரும் பங்கு அதுதான். செப்டம்பர் வந்தால் எல்லாப் பெரிய கடைகளிலும் வைன் சந்தை போடுவார்கள். முதல் நாள் காலையிலேயே சனம் வண்டிலோடு நிற்கும்.

இங்கிலாந்துக்காரருக்கு ஒரு வழி: ஆளுக்கு 18 லிட்டர் சாதாரண வைன், அதாவது 24 போத்தல், வரி கட்டாமல் கொண்டுபோகலாம். இரண்டு பேர் என்றால் 48. பிரான்ஸ் கரையில் கலே துறைமுகத்தில் காரை நிறுத்தி ஏற்றுங்கள். அதற்கென்றே ஒரு பயணம் போகாதீர்கள், படகுக் கூலியில் லாபம் போய்விடும். பாரிஸுக்குக் கலியாண வீட்டுக்கு வந்து திரும்பும்போது டிக்கியை நிரப்புங்கள்.

என்ன வாங்குவது என்று கேட்டால், பெயர் போன ஊரை விட்டுவிட்டு அதன் பக்கத்து வீட்டைப் பாருங்கள். மலிவான போர்தோ, மலிவான ஷாபிலி என்று தேடினால் அந்தப் பெயரின் அடித்தட்டுத்தான் கிடைக்கும். அதே காசுக்குத் தெற்கே லாங்டொக் பக்கம் கோர்பியேர், மினெர்வுவா, சான் சினியான் என்று எடுத்தால் அந்த ஊர்க்காரன் தன் நல்ல சரக்கைத் தருகிறான். வெயில் நல்லாக விழுகிற இடம், நிலம் விலை குறைவு. ரோன் பக்கம் கோத் து ரோன் பிடித்தால், ஒரு யூரோ கூடப் போட்டு "வில்லாஜ்" என்று சேர்த்து எழுதியிருப்பதை எடுங்கள். விளைச்சல் விதி அதற்குக் கொஞ்சம் கடுமை.

வெள்ளையில் மஸ்கடே. நான்ட் பக்கத்து வைன். லேபிளில் "சூர் லி" என்று இருக்க வேண்டும். புளித்து முடிந்த ஈஸ்ட் மண்டியோடே குளிர்காலம் முழுக்கக் கிடந்தது என்று அர்த்தம். அதனால்தான் அந்த மெல்லிய வைனுக்கும் ஒரு சதைப்பிடிப்பு வரும். பொரித்த மீனுக்கு இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. நண்டு, இறால் என்றால் பிக்பூல் து பினே. தோ ஏரிக்கரையில் சிப்பி வளர்க்கிற ஊரில் விளைகிறது, சிப்பியோடுதான் அங்கே குடிப்பார்கள்.

ஒடியல் கூழுக்கு எது என்று ஒருவரும் கேட்கவேண்டாம். அதற்கு வைன் கிடையாது.

குரோய்டன் கார்த்தி எழுதியது:

கடைக்கார அண்ணா, ரமணன் அண்ணா, இருவருக்கும் நன்றி. வரிக் கணக்கை வீட்டில் காட்டினேன், இனி 6 பவுண்டு பாட்டில் உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு.

இப்போது காரத்தைச் சொல்லுங்கள். போன வாரம் சிலி நாட்டு கேபர்னே என்கிற சிவப்பு ஒயின் ஒன்று. தனியாகக் குடித்தபோது நன்றாகத்தான் இருந்தது. மிளகுக் கறியோடு குடித்தால் வாயில் தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அதே ஒயின்தான், ஏன்?

ரெடிங் சுதா எழுதியது:

கார்த்தி, இதற்குக் காரணம் ரொம்ப எளிது. சிவப்பு ஒயினின் துவர்ப்பு திராட்சைத் தோலில் இருந்தும் விதையில் இருந்தும் வருவது. கேபர்னேவுக்குத் தோல் தடிமன், துவர்ப்பு அதிகம். துவர்ப்பும் காரமும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று ஏற்றிவிடும். ஆல்கஹால் 14, 14.5 என்று இருந்தால் எரிச்சல் இன்னும் கூடும். ஆக நம் சாப்பாட்டுக்குத் துவர்ப்புக் குறைவு, ஆல்கஹால் குறைவு, புளிப்புத் தூக்கல், கொஞ்சம் இனிப்பு இருந்தாலும் பரவாயில்லை. இந்த நாலையும் வைத்துப் பார்த்தால் வரிசையில் முக்கால்வாசி தானாகவே கழிந்துவிடும்.

சிவப்பில் எனக்குப் பிடித்தது போஜலே வில்லாஜ். கமே என்கிற திராட்சை, துவர்ப்பு குறைவு, பழ வாசனை நிறைய. அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துத்தான் ஊற்ற வேண்டும். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடி என்று சொன்ன காலத்தில் அறைகளில் ஹீட்டர் கிடையாது. இன்றைய 22 டிகிரி ஹாலில் ஊற்றினால் சிவப்பு எல்லாம் மந்தமாகச் சாராய வாடை அடிக்கும். வெள்ளைக்கு நேர் எதிர். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்ததும் ஊற்றினால் குளிர்ச்சி தவிர ஒன்றும் தெரியாது. கால் மணி நேரம் வெளியே இருக்கட்டும்.

கறி வறுவல், சுக்கா மாதிரி கனமான ஐட்டத்துக்கு ஸ்பெயினின் கலத்தாயுத், காம்போ தே போர்ஹா பக்கத்து கார்னாச்சா என்கிற திராட்சை. உயரமான இடத்தில் பழைய கொடிகள், விலை இன்னும் ஏறவில்லை. ஆல்கஹால் கூடுதல்தான், ஆனால் துவர்ப்பு மெத்தென்று இருப்பதால் மிளகோடு சண்டை போடாது.

புளி சேர்ந்த குழம்புக்கு ஒயினும் புளிப்பாக இருக்க வேண்டும். புளிக்குழம்போடு புளிப்பில்லாத ஒயின் குடித்தால் சப்பென்று ஆகிவிடும். போர்ச்சுகலின் வின்யோ வெர்தே எடுங்கள், லேசாகக் குமிழ் விடும், ஆல்கஹால் பெரும்பாலும் 9 முதல் 11.5 வரை. வரி ஆல்கஹாலைப் பொறுத்தது என்பதால் இதில் வரியும் குறைவு. ரீஸ்லிங் என்கிற வெள்ளை இன்னொன்று. ஜெர்மன் பாட்டிலில் ஆல்கஹால் 9, 10 என்று இருந்தால் புளிக்காமல் மிஞ்சின சர்க்கரை இருக்கிறது, 12-ஐத் தாண்டினால் பெரும்பாலும் சர்க்கரை இல்லாதது என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். செட்டிநாட்டுக் கோழியோடு அந்த லேசான இனிப்பு ரீஸ்லிங்கைக் குடித்துப் பாருங்கள். தென்னாப்பிரிக்கா செனின் பிளாங்கும் இதே வேலையை இன்னும் மலிவாகச் செய்யும்.

மொட்டைமாடி எழுதியது:

ரசத்துக்கு என்ன மேடம்?

ரெடிங் சுதா எழுதியது:

ரசத்துக்கு ரசம்தான்.

பெங்களூர் முகுந்தன் எழுதியது:

ஊரில் இருப்பவர்களுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள். இங்கே வெளிநாட்டு ஒயின் சுங்கம் கட்டி வரும்போது நீங்கள் 8 பவுண்டுக்கு வாங்குவது எங்களுக்கு யானை விலை. ஆகவே தினசரிக்கு உள்ளூர்தான். நாசிக்கில் ராஜீவ் சாமந்த் 1999-ல் தொடங்கிய சுலா, நந்தி மலை அடிவாரத்தில் குரோவர், சோலாப்பூர் பக்கம் அக்லூஜில் ஃபிராட்டெலி. இந்த மூன்றும் பெங்களூரில் எந்தப் பெரிய கடையிலும் கிடைக்கும். என் ஓட்டு வெள்ளைக்கு. சுலா செனின் பிளாங்கில் லேசான இனிப்பு இருக்கிறது, சுதா சொன்ன காரணத்துக்காகவே நம் சாப்பாட்டோடு நன்றாகப் போகிறது. சிவப்பு என்றால் ஷிராஸ்.

நம் நாட்டில் அறுவடை ஜனவரி முதல் மார்ச்சுக்குள். வெயில் ஏறும் முன் பறித்தாக வேண்டும். நல்லபடி செய்து பாட்டிலில் அடைத்ததைக் கடைக்காரர் கண்ணாடி ஜன்னலில் வெயில் பட நிறுத்தி வைக்கிறார் பாருங்கள், அங்கேதான் எல்லாம் கெட்டுப்போகிறது. ஏசி இருக்கிற கடை, வேகமாக விற்றுத் தீர்கிற கடை, இந்த இரண்டையும் பார்த்துத்தான் நான் வாங்குகிறேன். வெள்ளையில் போன வருடத்துத் தேதிக்கு முந்தியதைத் தொடுவதில்லை.

சென்னைக்காரர்கள் என்னிடம் கேட்காதீர்கள். 2003 முதல் சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில், அங்கே ஒயின் என்பது பிராந்தி வாங்க வந்தவர் கண்ணில் படாத மூலை. கம்பம் பள்ளத்தாக்கில் அவ்வளவு பன்னீர் திராட்சை விளைகிறது, 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. அதிலிருந்து குடிக்கிற மாதிரி ஒரு ஒயின் வந்தால் முதல் ஆளாக நிற்பேன். அந்தத் திராட்சையின் ரோஜா வாசனைக்கு லேசாகக் குமிழ் விடுகிற, ஆல்கஹால் குறைந்த இனிப்பு ஒயின் பொருந்தும் என்பது என் எண்ணம்.

ஹரோ கடைக்காரர் எழுதியது:

தம்பி முகுந்தன் சொன்ன வெயில் கதை இங்கேயும் உண்டு. ஹீட்டருக்கு மேலே தட்டு வைத்திருக்கிற கடைகள் எத்தனை.

கார்த்தி, போத்தலின் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள், திருப்புங்கள். முன்னுக்குக் கோட்டைப் படம் யாரும் போடலாம். பின்னுக்குச் சின்ன எழுத்தில் யார் அடைத்தார், எங்கே அடைத்தார் என்று இருக்கும். பிரெஞ்சுப் போத்தலில் "மீஸ் ஆன் புத்தேய் ஓ தொமேன்" அல்லது "ஓ ஷாத்தோ" என்றால் விளைந்த இடத்திலேயே அடைத்தது. வெறும் ஒரு தபால் குறியீடு மட்டும் இருந்தாலும் முதல் இரண்டு இலக்கம் மாவட்டத்தைக் காட்டும். கோர்பியேர் என்று போட்டு 11 என்று தொடங்கினால் ஓட் மாவட்டம், சொந்த ஊரிலேயே அடைத்திருக்கிறார்கள். 33 என்றால் போர்தோ பக்கத்தில் ஒரு வியாபாரி வாங்கி அடைத்தது. அது கூடாது என்று இல்லை, ஆனால் தெரிந்து வாங்குங்கள்.

"பிரிட்டனில் அடைக்கப்பட்டது" என்று இருக்கிற அவுஸ்திரேலிய, சிலி வைன்கள் 24,000 லிட்டர் பையில் கப்பலேறி வந்து ஏவன்மவுத் துறைமுகம் மாதிரி இடத்தில் போத்தலாகின்றன. கண்ணாடியைச் சுமக்காததால் கப்பல் கூலி மிச்சம். 7 பவுண்டு மட்டத்தில் அது குறை இல்லை. 12 பவுண்டு சொல்லிவிட்டு அப்படி இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள்.

சூப்பர்மார்க்கெட் சொந்தப் பெயரில் போடுகிற வைனை ஒதுக்காதீர்கள். அதில் பல பெரிய கூட்டுறவுச் சங்கங்கள் செய்து கொடுப்பது. காஸ்கோன் பக்கம் பிளைமோன் சங்கம், ஷாபிலியில் லா ஷாபிலிசியேன். பின்பக்கத்தில் அந்தப் பெயரைக் கண்டால் யோசிக்காமல் எடுங்கள். விளம்பரச் செலவு இல்லாததால் காசு உள்ளே போகிறது.

திருகு மூடியைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தினசரிக் குடிக்கு அதுதான் நல்லது. கார்க்கில் சிலசமயம் நனைந்த அட்டைப்பெட்டி வாடை ஏறும். அப்படி வந்தால் மிச்சத்தை மூடிக் கடைக்குக் கொண்டுபோங்கள், மாற்றித் தருவதுதான் முறை.

எடின்பரோ வித்யா எழுதியது:

கடைக்கார அண்ணா, அந்தக் கோழிப் பட ஒயின், லா வியேய் ஃபெர்ம், அதைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்? என் ஆபீசில் எல்லோரும் "சிக்கன் ஒயின்" என்று அலைகிறார்கள்.

அப்புறம் இத்தாலியில் மோன்டேபுல்சியானோ என்று 7 பவுண்டுக்கும் இருக்கிறது, 20 பவுண்டுக்கும் இருக்கிறது. 7 பவுண்டுக்குக் கிடைப்பது போலியா?

லா சப்பல் ரமணன் எழுதியது:

போலி இல்லை வித்யா, இரண்டும் வேறு வைன். அப்ருட்ஸோவில் வருவது மோன்டேபுல்சியானோ என்கிற திராட்சை. 20 பவுண்டு வீனோ நோபிலே என்பது டஸ்கனியில் மோன்டேபுல்சியானோ என்கிற ஊரில், சாஞ்சோவேசே திராட்சையில் செய்வது. அப்ருட்ஸோ வைன் தினசரிக்கு அருமை, தக்காளி போட்ட எந்தக் குழம்போடும் போகும்.

கோழி வைன் பெரன் குடும்பத்தினுடையது. ரோன் பக்கம் ஷாத்தோநெஃப் து பாப் ஊரில் போகாஸ்தெல் என்கிற பெயர் போன வைன் தோட்டம் வைத்திருக்கிற அதே குடும்பம். பெரிய ஆச்சரியம் எதிர்பார்க்காதீர்கள், ஏமாற்றவும் ஏமாற்றாது.

ரெடிங் சுதா எழுதியது:

மொட்டைமாடி சாரின் "கண்ணைக் கட்டினால்" சவாலைப் போன சனிக்கிழமை எடுத்துப் பார்த்துவிட்டோம். ஆறு பேர், நாலு பாட்டில், எல்லாம் சிவப்பு. அலுமினியத் தாள் சுற்றி எண் போட்டது பக்கத்து வீட்டுப் பெண், அவள் குடிக்க மாட்டாள். 6 பவுண்டு சொந்தப் பெயர் சிவப்பு ஒன்று, கோழிப் படம், கலத்தாயுத் கார்னாச்சா, 22 பவுண்டு போர்தோ.

முதல் சுற்று வெறும் வாயில். இரண்டாம் சுற்று மட்டன் சுக்காவோடு. வேடிக்கை அதில்தான். முதல் சுற்றில் போர்தோவைத்தான் பெரும்பாலோர் முதலில் வைத்தார்கள். தொண்டையை விட்டு இறங்கிய பிறகும் வெகுநேரம் நின்றது, வாசனையும் அடுக்கடுக்காக வந்தது. ஆக வித்தியாசம் தெரியவே தெரியாது என்பது பொய், சார். சுக்கா வந்ததும் அதே போர்தோ கசந்தது. மிளகு அதன் துவர்ப்பைத் தூக்கிவிட்டது, இரண்டு பேர் கிளாஸைத் தள்ளியே வைத்துவிட்டார்கள். கார்னாச்சா பாட்டில் முதலில் காலியானது. 6 பவுண்டு ஒயின் இரண்டு சுற்றிலும் கடைசி. முதல் வாயில் இனிப்பு, பிறகு ஒன்றுமே இல்லை, வாய் கழுவின மாதிரி.

வீட்டில் செய்து பார்ப்பவர்கள் பழைய டம்ளரில் ஊற்றாதீர்கள், வாய் குறுகின கிளாஸ் எல்லோருக்கும் ஒரே மாதிரி வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றினால் சுழற்ற முடியாது, வாசனை ஏறாது. எல்லோரும் எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. எங்கள் வீட்டுக்காரர் முதல் கிளாஸிலேயே "இதுதான் விலை அதிகம்" என்று அறிவித்து மற்றவர்கள் தலையையும் ஆட்ட வைத்தார். அவர் சொன்னது கோழிப் படத்தை.

மொட்டைமாடி எழுதியது:

22 பவுண்டு பாட்டிலில் மிச்சம் இருந்ததா?

ரெடிங் சுதா எழுதியது:

பாதி இருந்தது. மறுநாள் ரோஸ்ட் ஆட்டுக்காலோடு, காரம் போடாமல், குடித்தோம். அப்போது அதன் விலை தெரிந்தது.

குரோய்டன் கார்த்தி எழுதியது:

இந்த வாரம் வாங்கியது: வின்யோ வெர்தே ஒன்று, போஜலே வில்லாஜ் ஒன்று, கலத்தாயுத் இரண்டு, மஸ்கடே ஒன்று (பின்பக்கம் 44 என்று தொடங்குகிறது, நான்ட் மாவட்டம்தானே?), அப்ருட்ஸோ ஒன்று. ஆறு பாட்டில் கழிவு ஓடுகிற வாரம், சராசரி 7 பவுண்டு 80-க்கு முடிந்தது. வித்யா, உங்களிடம் ஒரு கேள்வி: பெட்டியில் வெள்ளை எடுப்பதா, சிவப்பா?

எடின்பரோ வித்யா எழுதியது:

முதல் பெட்டி வெள்ளையாக எடுங்கள். எப்படியும் ஃபிரிட்ஜில்தான் இருக்கும், சமையலுக்கும் அரை கப் திருகிக்கொள்ளலாம். வாங்கும் முன் ஃபிரிட்ஜ் தட்டின் உயரத்தை அளந்துவிட்டுப் போங்கள்.

ஹரோ கடைக்காரர் எழுதியது:

44 நான்ட் பக்கம்தான், சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். மஸ்கடேயை வைத்திருக்காமல் இந்தக் கிழமையே திறவுங்கள். மீன் பொரிக்கிற நாளாகப் பார்த்து.